ஆறாவது நகல்

திங்கட்கிழமை காலையில் வேங்கிக்காலில் உள்ள திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நின்றால், ஒரு மனு பிறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். மக்கள் குறைதீர்க்கும் நாள் அது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், வந்தவாசிப் பக்கமிருந்து பஸ் மாறி வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் என்று வாசலில் கூட்டம் நிற்கும். மடியில் அட்டையை வைத்துக்கொண்டு மனு எழுதிக் கொடுப்பவரிடம் ஒருவர் தன் குறையைக் கொட்டிக்கொண்டிருப்பார். சொல்கிறவர் அரை மணி நேரம் பேசுவார். எழுதுகிறவர் அதைப் பத்து வரியில் இறக்குவார். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா. வாய்க்கால் தகராறும் அழுகையும் கோபமும் வடிந்துபோய், ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று தாள் முடியும். கீழே கையெழுத்து, இல்லையென்றால் பெருவிரல் ரேகை.

இந்தத் தாள் எங்கே போகிறது, எத்தனை கை மாறுகிறது, எங்கே சாகிறது, எங்கே பிழைக்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால், நம் ஆட்சிமுறை முழுதும் அதன் வழியே தெரியும். அதற்காக ஒரு மனுவை மனத்தில் வைத்துக்கொள்வோம். கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு குடியிருப்பு. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் பாதையைக் கடந்து தெருவுக்குள் வருகிறது. வடிகால்வாய் கட்டித் தர வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

சின்ன விஷயம் என்று தோன்றும். ஆனால் 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், அண்ணாமலையின் சரிவிலிருந்து உருண்ட பாறையும் மண்ணும் வ.உ.சி. நகரில் வீட்டை மூடி ஏழு பேர் உயிரிழந்தார்கள். மலையிலிருந்து தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது என்பது இந்த ஊரில் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

மனு ஆட்சியரின் கைக்குப் போவதற்கு முன் கணினியில் பதிவாகி, எண் போட்ட ஒப்புகைச் சீட்டு ஒன்று மனுதாரர் கைக்கு வரும். ஆட்சியர் ஒரு பார்வை பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துறை அலுவலரிடம் நகர்த்துவார். அங்கிருந்துதான் உண்மையான பயணம் தொடங்குகிறது. மாவட்ட அலுவலகத்திலிருந்து வட்ட அலுவலகத்துக்கோ ஒன்றிய அலுவலகத்துக்கோ, அங்கிருந்து கிராம அளவிலான அலுவலருக்கோ அது இறங்கும். ஒவ்வொரு படியிலும் எழுத்தரின் தன்பதிவேட்டில் ஒரு வரி சேரும், ந.க. எண் ஒன்று ஏறும். ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்படுகிறது’ என்ற வாக்கியம் மறுபடி மறுபடி எழுதப்படும்.

நம் மனுவுக்கு முதல் சிக்கல் இங்கே வருகிறது. மலை காப்புக்காடு, அதனால் வனத்துறை. பாதை நெடுஞ்சாலைத் துறை. தெரு உள்ளாட்சி. தண்ணீர் போய்ச் சேரும் ஏரி இன்னொரு துறை. மலையிலிருந்து கிளம்பும் தண்ணீர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கடந்துவிடுகிறது. மனு ஒவ்வொரு எல்லையிலும் நிற்கிறது. ‘எங்கள் துறை சார்ந்ததல்ல’ என்று எழுதித் திருப்பி அனுப்புகிறவர் பொய் சொல்லவில்லை. தன் எல்லைக்குள் அவர் சொல்வது சரி. ஆனால் எல்லோரும் சரியாகச் சொல்லிமுடித்த பிறகும் தெருவில் தண்ணீர் நிற்கிறது. போதாததற்கு, 2024இல் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சி ஆனது. எல்லைக்கோடு நகரும்போது கோப்புகளும் மேசை மாற வேண்டியிருக்கும்.

மனு சாகும் விதமும் ஒழுங்காக வகுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலக நடைமுறையில், ஒரு தாள் ‘முடிக்கப்பட்டது’ என்றால் அதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தே முடிவு செய்வார்கள். சில கோப்புகளுக்கு ஓராண்டு ஆயுள், சிலவற்றுக்கு மூன்றாண்டு, சிலவற்றுக்குப் பத்தாண்டு. மிக முக்கியமானவை நிரந்தரம். பதிலின் மேல்மூலையில் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று பார்த்திருப்பீர்கள். ‘நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி பதில் வந்துவிட்டால், அலுவலகக் கணக்கில் மனு தீர்ந்துவிட்டது. கணினித் திரையிலும் அது தீர்வான மனு. கால்வாய் வந்ததா என்று கேட்க அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

இது வெறும் எரிச்சலோடு நிற்கும் விஷயம் அல்ல. 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பலன் கிடைக்காத ஒரு குடும்பம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள் நால்வரும் இறந்தார்கள். அதன் பிறகு திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலக வாசல்களில் பைகளைச் சோதிக்கும் வழக்கம் இறுகியது. மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்தான். பையில் இருக்கும் மனு எத்தனையாவது மனு என்று பார்ப்பது அதைவிட அவசியம்.

திங்கட்கிழமை வழி அடைபட்டால் வேறு வழி உண்டா? உண்டு. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு. பேரவை உறுப்பினர்களைக் கொண்ட இந்தக் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய் உட்காரும். வருவதற்கு முன் ஆட்சியர் பெயரில் ஒரு செய்திக்குறிப்பு நாளிதழ்களில் உள்பக்கத்தில் வரும். தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009 என்று முகவரியிட்டு, ஐந்து நகல்களுடன், குறித்த தேதிக்குள் ஆட்சியரிடம் மனு தர வேண்டும் என்று அதில் இருக்கும்.

நிபந்தனைகளையும் படித்துவிட வேண்டும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. அதுவும் ஒரே துறையைச் சார்ந்தது. தனிநபர் குறை கூடாது; நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு கூடாது; வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, வங்கிக்கடன், பணிமாற்றம், அரசு அலுவலர் மீதான புகார் எதுவும் கூடாது. கண்டிப்பாகத் தோன்றினாலும் இதில் நியாயம் இருக்கிறது. தனிமனிதக் குறைகளுக்குத் திங்கட்கிழமை இருக்கிறது. பேரவைக் குழுவின் நேரம் ஊருக்குப் பொதுவானது. ஆனால் ‘ஒரே துறை’ என்ற நிபந்தனைதான் நம் கால்வாய்க்கு இடிக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் ஒரு வேலை செய்வார்கள்: பிரச்சினையைத் துண்டு போட்டு, பாதையின் குறுக்கே குழாய்ப்பாலம் கேட்டு ஒருவர், தெருவில் வடிகால் கேட்டு இன்னொருவர், ஏரி வரத்துக்கால்வாயைத் தூர்வாரக் கேட்டு மூன்றாமவர் என்று தனித்தனி மனுவாகத் தருவார்கள்.

ஐந்து நகலும் கொடுத்த பிறகு மனுவின் தகுதியே மாறிவிடுகிறது. இதுவரை அது ஒரு குடிமகன் அதிகாரியிடம் கேட்ட உதவி. இனி அது, தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஒன்று அதிகாரியிடம் கேட்கும் கேள்வி. சம்பந்தப்பட்ட துறை குழுவுக்கு எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். குழு தேர்ந்தெடுக்கும் இடங்களை நேரில் பார்க்கும். பிறகு கூட்டரங்கில் மனுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். மேசையின் ஒரு பக்கம் குழுத் தலைவரும் உறுப்பினர்களும். எதிரே துறை அலுவலர்கள். மனுதாரரும் அங்கேயே இருப்பார், ஏனென்றால் மனுதாரர் முன்னிலையில் அலுவலர்களிடம் கருத்துக் கேட்பதுதான் இந்தக் குழுவின் முறை.

இந்த ஒரு கணத்துக்காகத்தான் மனு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. ‘பணி நடைபெற்று வருகிறது’ என்று தாளில் எழுதுவது எளிது. அந்தத் தெருவில் குடியிருக்கும் அம்மா இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது அதையே வாயால் சொல்வது எளிதல்ல. ‘எங்கம்மா நடக்குது? நேத்து சாயங்காலம்கூட முழங்கால் தண்ணியிலதான் வந்தேன்’ என்று அவரால் சொல்ல முடியும். அதைக் கேட்க ஆள் இருப்பார்கள். மதிப்பீடு தயாரித்தாயிற்றா, நிர்வாக அனுமதி எந்தத் தேதியில் கேட்டீர்கள், கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று குழு கேட்கும். மூன்று துறை அலுவலர்களும் ஒரே அறையில் இருப்பதால், ‘அவர்கள் எல்லை’ என்று காட்டுவதற்குப் பக்கத்து நாற்காலியைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

மனுவுக்கு இந்த வலிமை ஓர் இரவில் வந்ததல்ல. 1852இல் கசுலு இலட்சுமிநரசு செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னைவாசிகள் சங்கம், அந்த ஆண்டு டிசம்பரிலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பியது. கம்பெனி ஆட்சியில் வரிச்சுமையும் நிர்வாகக் கொடுமையும் எப்படி இருக்கின்றன என்று அது சொன்னது. அடுத்த ஆண்டு அது லண்டனில் விவாதத்துக்கு வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853 அக்டோபரில் சென்னைக்கு வந்து, கடலூர், திருச்சி, சேலம், திருநெல்வேலி என்று சுற்றி நேரில் பார்த்தார். அந்நாளில் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில்தான் திருவண்ணாமலை இருந்தது. 1854இல் சித்திரவதை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அண்ணந்தாள் போடுவது, கிட்டி போடுவது என்று வரி வசூலுக்காக விவசாயிகளுக்கு நடந்தவை 1,900க்கும் மேற்பட்ட புகார்களாக அதன் முன் வந்தன. பலர் வெகுதூரம் நடந்தே சென்னைக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தார்கள். 1855இல் வெளியான அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மை என்று பதிவு செய்தது. அதுவரை அதிகாரிகள் எழுதி அனுப்பிய கடிதங்களில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் எதிரே வந்து உட்கார்ந்த பிறகுதான் நடந்தது என்று ஆயிற்று.

டெல்லியில் மனுக்களுக்கென்று குழு 1924 பிப்ரவரியில், அன்றைய மத்தியச் சட்டமன்றத்தில் பிறந்தது. இன்றைய மக்களவையிலும் மாநிலங்களவையிலும் தனித்தனி மனுக்கள் குழு இருக்கிறது. அங்கேயும் தமிழில் மனு எழுதலாம். ஆனால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பை இணைத்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு மனு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று: ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் என்று முன்னாள் படைவீரர்கள் பல்லாண்டாகக் கேட்டுவந்த கோரிக்கையை, பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு ஆராய்ந்து, 2011 டிசம்பரில் ஆதரித்து அறிக்கை தந்தது. 2015 செப்டம்பரில் அரசு அதை அறிவித்தது. இடையில் போராட்டங்களும் அரசியலும் இருந்தன. ஆனால் விவாதத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டிய தாள், ஒரு மனுவின் மேல் எழுதப்பட்ட அந்த அறிக்கைதான்.

திருவண்ணாமலைக்கும் மனு அரசியலில் ஓர் இடம் உண்டு. 2021 ஜனவரி 29 அன்று மு.க. ஸ்டாலின் ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ பிரசாரத்தை இங்கேதான் தொடங்கினார். மக்கள் தந்த மனுக்கள் பெட்டியில் போட்டுப் பூட்டப்பட்டன. ஆட்சிக்கு வந்து 100 நாளில் நடவடிக்கை என்று வாக்குறுதி தரப்பட்டது. ஆட்சி மாறிய பின் அதற்கென ஒரு துறை வந்து, பின்னர் முதல்வரின் முகவரி என்று விரிந்தது. தேர்தல் மேடை வரைக்கும் மனு வந்துவிட்டது என்றால், வாக்காளர் மனத்தில் அதற்கு என்ன எடை என்று கட்சிகளுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் பொருள்.

கூட்டரங்கிலிருந்து மனு சென்னைக்குப் போகிறது. குழுவின் பரிந்துரை அறிக்கையாகிப் பேரவையில் வைக்கப்படுகிறது. அமைச்சர் ஒருவர் அவையில் எழுந்து ‘இந்தப் பணி நிறைவேற்றப்படும்’ என்று சொன்னால், அந்தச் சொல்லைப் பின்தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஆண்டுகள் கழிந்தும் அது கேட்கலாம்: சொன்னீர்களே, செய்தீர்களா? செலவான பணம் ஒழுங்காகப் போனதா என்று பொதுக் கணக்குக் குழு கேட்கும். இவையெல்லாம் மக்களுக்காக உள்ள கதவுகள். ஆனால் எத்தனை பேருக்குத் தெரியும்? செய்திக்குறிப்பு உள்பக்கத்தில் ஒரு நாள் வந்துவிட்டுப் போய்விடுகிறது. குழு வரும் தேதியையும் நிபந்தனைகளையும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டிவைக்க வேண்டும். துறை தந்த பதிலின் நகல் மனுதாரருக்கும் போக வேண்டும். அறிக்கை எளிய தமிழில், தன் ஊர்ப்பெயரைத் தட்டினால் கிடைக்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். பல துறை சம்பந்தப்பட்ட பிரச்சினையை ஒரே மனுவாக ஏற்கும்படி நிபந்தனை திருத்தப்பட வேண்டும். தண்ணீர் துறை பார்த்து ஓடுவதில்லை.

இவை நடக்கும்வரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். குழு கேட்பது ஐந்து நகல். ஆறாவதாக ஒன்று எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டை அதிலேயே குத்திவையுங்கள். எந்தத் தேதியில் யார் என்ன பதில் சொன்னார் என்று பின்பக்கம் எழுதிக்கொண்டே வாருங்கள். பழைய மனுக்களையும் அதோடு சேர்த்துக் கட்டுங்கள். கூட்டரங்கில் அலுவலர் கோப்பைத் திறந்து ‘இதுவரை எங்களுக்கு மனு ஏதும் வரவில்லை’ என்று சொன்னால், எழுந்து நின்று நீட்டுவதற்கு உங்களிடம் ஒரு கட்டு இருக்க வேண்டும். அலுவலகம் தன் நகலை மூன்றாண்டில் அழிக்கலாம். உங்கள் நகலுக்கு ஆயுளை நீங்கள்தான் வைக்கிறீர்கள்; கால்வாய் கட்டி முடிக்கும் நாள்வரைக்கும் வையுங்கள்.