விமானியின் மார்க்கும் விமானியின் அரியரும்

வேலைக்கு விண்ணப்பிக்கும் விமானி தன் பயோடேட்டாவில் எழுத்துத் தேர்வு மார்க்கைப் போட வேண்டுமா, கூடாதா?

நம்மூர் பி.காம். மாணவனிடம் கேட்டால் "இதென்ன கேள்வி?" என்பான். பத்தாம் வகுப்பில் ஆரம்பித்து கடைசி செமஸ்டர் வரை சதவீதம் போட்டுப் பழகியவன் அவன். ஆனால் அமெரிக்க விமானியின் பயோடேட்டா வேறு மாதிரி. பறந்த மணிக்கணக்கு, கையில் உள்ள லைசென்ஸ்கள், ஓட்டிய விமான வகைகள், இவைதான் மேலே இருக்கும். லைசென்ஸ் இருக்கிறது என்றாலே எழுத்துத் தேர்வில் பாஸ் என்றுதானே அர்த்தம்? அதனால் அந்த மார்க்கைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. இன்னும் அதிக மணிநேரம் சேராத இளைஞர்கள் சிலருக்குத்தான் "97 வாங்கியிருக்கிறோமே, போட்டால் என்ன?" என்று கை துறுதுறுக்கும்.

போடலாமா என்பதற்கு விமான வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1910ல் பிரிட்டனின் ராயல் ஏரோ கிளப் விமானிகளுக்குச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தபோது பேப்பரும் பேனாவும் தேவைப்படவில்லை. வானத்தில் வட்டமடித்துக் காட்ட வேண்டும், சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் இறங்கிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அமெரிக்காவில் 1926ல் சட்டம் வந்து, 1927 ஏப்ரலில் முதல் அரசு லைசென்ஸ் வில்லியம் மெக்ராக்கன் என்பவருக்குப் போனது. லைசென்ஸ் கொடுக்கும் துறையின் தலைவரே அவர்தான்! (முதலில் ஓர்வில் ரைட்டைக் கேட்டார்கள், அவர் வேண்டாம் என்றுவிட்டார். விமானத்தைக் கண்டுபிடித்தவருக்கு எதற்கு லைசென்ஸ்...)

எழுத்துத் தேர்வுக்கு உண்மையான மரியாதை வந்தது இரண்டாம் உலகப் போரில். அதுவரை அமெரிக்க ராணுவத்தில் விமானிப் பயிற்சிக்கு வர இரண்டு வருடம் கல்லூரியில் படித்திருக்க வேண்டும். போருக்கு ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டதால் 1942 ஜனவரியில் அந்த விதியை எடுத்துவிட்டு, பதிலாக ஒரு தகுதித் தேர்வை வைத்தார்கள். இதற்குப் பின்னால் இருந்தவர் ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளர். எழுத்துத் தேர்வு மார்க், கை கால் வேகத்தை அளக்கும் கருவிகளில் வாங்கிய மார்க் எல்லாவற்றையும் கூட்டி, ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஒரே எண்ணாக்கினார்கள். அதற்கு 'ஸ்டேனைன்' என்று பெயர். 1943ல் ஒரு துணிச்சலான சோதனையும் செய்தார்கள். எண் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எண் குறைவாக இருந்தவர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே கழிந்து போனார்கள். அதிகம் இருந்தவர்கள் தேறினார்கள்.

அப்படியென்றால் மார்க் வேலை செய்கிறதே என்று தோன்றும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தேர்வு அளந்தது இயல்பான திறமையை. இன்று விமானிகள் எழுதும் தேர்வு அளப்பது படித்த பாடத்தை. படித்த பாடத்துக்குத்தான் கைடு உண்டு!

விமானக் கைடுகளில் பெயர் பெற்ற ஒன்றை உருவாக்கியவர் நம்ம வணிகவியல் ஆள்தான் என்பது பலருக்குத் தெரியாது. இர்வின் கிளைம், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் அக்கவுண்டிங் பேராசிரியர். சி.பி.ஏ. தேர்வுக்குக் கைடு போட ஆரம்பித்தவர், விமானம் ஓட்டவும் தெரிந்தவர் என்பதால் அதே முறையை விமானித் தேர்வுக்கும் கொண்டுவந்தார். அமெரிக்காவில் தனியார் விமானி லைசென்ஸுக்கு 60 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள், 70 எடுத்தால் பாஸ். கேள்விகளை அரசே புத்தகமாக வெளியிட்ட காலமும் உண்டு. காற்று எந்தப் பக்கம் அடித்தால் விமானம் எப்படி விலகும் என்று புரிந்துகொண்டவனுக்கும் 95, "இந்தக் கேள்விக்கு விடை பி" என்று உருப்போட்டவனுக்கும் 95. பேப்பரைப் பார்த்து யார் எவர் என்று எப்படிச் சொல்வது?

சரி, மார்க் உதவாது. அப்படியானால் எது உதவும்? இந்தப் பாடத்தை அமெரிக்கா உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது.

1994 டிசம்பர் 13 அன்று வட கரோலினாவின் ராலே-டர்ஹாம் அருகே ஒரு சிறிய பயணிகள் விமானம் விழுந்து, இருந்த 20 பேரில் 15 பேர் இறந்தார்கள். கேப்டன் இதற்கு முன் வேலை பார்த்த கம்பெனியில் அவருடைய திறமை சரியில்லை என்று பதிவாகியிருந்தது. புதிய கம்பெனி அந்தப் பதிவுகளைக் கேட்கவே இல்லை. இதன் விளைவாக, பழைய கம்பெனியின் பதிவுகளைக் கேட்டு வாங்கியே ஆக வேண்டும் என்று 1996ல் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்திலும் ஓட்டை இருந்தது. 2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்தது. தரையில் வீட்டில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். விமானம் வேகம் குறைந்து தூக்குவிசையை இழக்கும் நிலையில் எச்சரிக்கை வந்தது. மூக்கை இறக்க வேண்டிய நேரத்தில் கேப்டன் கண்ட்ரோலைத் தன் பக்கம் இழுத்தார். அவர் வேலைக்குச் சேருவதற்கு முன் அரசின் செக்ரைடில், அதாவது தேர்வாளரைப் பக்கத்தில் வைத்துப் பறந்து காட்டும் தேர்வில், மூன்று முறை தோற்றிருந்தார். விண்ணப்பத்தில் சொன்னது ஒன்றைத்தான். மற்ற இரண்டையும் அரசிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சட்டக் கட்டாயம் இல்லை.

செக்ரைடில் ஒருமுறை தோற்றவரெல்லாம் மோசமான விமானி என்று சொல்ல முடியாது. அரியர் வைத்துப் பிறகு நன்றாக வந்தவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. ஆனால் எத்தனை அரியர் என்பதை மறைத்தால்?

2010ல் அமெரிக்க நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. விமானிகளின் பதிவுகளை ஒரே இடத்தில், அரசின் கணினியில் வைக்கச் சொன்னது. அதில் எதை வைக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள் தெரியுமா? பறந்து காட்டும் தேர்வில் தோற்ற ஒவ்வொரு முயற்சியையும். எழுத்துத் தேர்வில் வாங்கிய 97ஐ அல்ல. அந்தக் கணினிப் பதிவு முழுதாகத் தயாராவதற்குள் 2019 பிப்ரவரியில் டெக்சாஸில் அட்லஸ் ஏர் சரக்கு விமானம் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதன் துணை விமானியும் பழைய கம்பெனிகளில் பயிற்சியில் தோற்றதை முழுதாகச் சொல்லாமல் சேர்ந்தவர். இறுதி விதிகள் வந்தது 2021ல். பதினொரு வருடம்!

எழுத்துத் தேர்வு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. 2011 ஜனவரியில் கோவாவில் இறங்கிய ஒரு விமானத்தின் மூக்குச் சக்கரம் முதலில் தரையைத் தொட்டது. விசாரித்துப் பார்த்தால், அந்த விமானி கேப்டன் லைசென்ஸுக்காகக் கொடுத்த எழுத்துத் தேர்வு மார்க் ஷீட்டே போலி! தோண்டத் தோண்ட இன்னும் சிலருடையதும் போலி என்று தெரிந்தது. பாஸ் ஆகாதவர் கேப்டன் சீட்டில் உட்காரக் கூடாது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே முக்கியம் தேர்வை அவர் உண்மையில் பாஸ் செய்தாரா என்பதுதான். 74ஆ 94ஆ என்பது இரண்டாம் பட்சம்.

இளம் விமானி ஒருவர் தன் 97ஐப் போட்டுக்கொண்டால் யாரும் தூக்கில் போடப் போவதில்லை. உழைத்திருக்கிறார் என்று நினைப்பார்கள், அவ்வளவுதான். அமெரிக்க முறையில் அந்த ரிசல்ட் பேப்பரிலேயே மார்க்கை விட உபயோகமான ஒன்று இருக்கிறது. எந்தெந்தப் பகுதிக் கேள்விகளைத் தப்பாக எழுதினார் என்று அதில் குறியீடுகளாக அச்சாகி வரும். பயிற்சியாளர் அந்தப் பகுதிகளை மறுபடி சொல்லிக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். பறந்து காட்டும் தேர்வு நாளன்று தேர்வாளர் அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்து, தப்பான பகுதியிலிருந்தே கேள்வி கேட்பார். அப்போது எதிரே கைடும் இல்லை, மூன்று விடைகளும் இல்லை.