புதியவருக்கான முன்னேற்பாடு

1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதை அடுத்து, கம்போங் ராஜாவை ஒட்டிய புளூ வேலி வரையில் தேயிலை பரவிய அந்நாட்களில், மலாயாத் தோட்டமொன்றுக்கு வந்துசேர்ந்த தமிழ்த் தொழிலாளியின் பெயரைக் கிராணியார் என்னும் தோட்ட எழுத்தர் 'செக்ரோல்' என்ற வருகைப் பதிவேட்டில் பதிந்த பின்னரே பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்பும் கூலிக் கணக்கும் அவருக்கு உரியவையாயின. வருகிறவருக்கு வேண்டியவற்றை வகுத்துவைப்பது காரியாலயத்தின் கடமை என்னும் அந்தச் சம்பிரதாயம், கணிப்பொறி வந்தபின் வேறொரு ரூபம் கொண்டது.

யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் 'ஸ்கெல்' என்றொரு கோப்புறை உண்டு. புதுப் பயனருக்குக் கணக்குத் திறக்கும்போது, அதில் நிர்வாகி வைத்த அமைப்புகள் யாவும் அவருடைய சொந்தக் கோப்புறைக்குப் படியெடுக்கப்படும். 1996-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 4.0-இலும் முதன்முறை நுழைபவரின் திரை, முன்கூட்டியே அமைத்த பொது மாதிரி ஒன்றிலிருந்தே உருவாயிற்று.

இவ்வசதி தமிழுக்கு எளிதில் கிட்டவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இலேயே 'முரசு' மென்பொருளைப் படைத்தாரெனினும், எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறுபட்ட காலமாதலால், ஓரிடத்தில் தட்டச்சிட்ட கடிதம் மற்றோரிடத்தில் பொருளற்ற குறிகளாய்த் தோன்ற, ஒவ்வோர் இயந்திரத்தையும் தனித்தனியே சீர்செய்ய நேர்ந்தது. 1991-இல் யூனிகோட் தமிழுக்கு நிலையான இடம் அளித்தது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை பிறந்தது.

அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 2000, லதா என்னும் தமிழ் எழுத்துருவையும், நிர்வாகி ஓரிடத்தில் விதித்ததை அலுவலகத்துப் பயனர் அனைவருக்கும் கொண்டுசேர்க்கும் குரூப் பாலிசியையும் ஒருங்கே கொணர்ந்தது. ஆயினும் இந்திய மொழிகளுக்கான ஆதரவை நிர்வாகி தாமே தேர்ந்து நிறுவவேண்டியிருந்தது. அடுத்து வந்த எக்ஸ்.பி.யிலும் அந்நிலையே நீடித்தது. நிறுவலுக்கு முன் எழுதும் விடைக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் நூறு இயந்திரங்களில் தமிழ் தானாகவே அமையும். அவ்வரி விடுபட்டாலோ, ஒவ்வொரு பயனரும் ஒருவரை வேண்டி நிற்க வேண்டும். 2007-இல் பொதுமக்களை அடைந்த விஸ்டாவில்தான் அவ்வாதரவு இயல்பாகவே இடம்பெற்றது.

இச்சரித்திரத்தில் நான் காணும் சத்தியம் ஒன்றே: கேட்டபின் கிடைப்பது சலுகை, கேளாமலே அமைந்திருப்பதே உரிமை. எழுத்துருப் பிரச்சினை தீர்ந்த இக்காலத்திலும் விசைப்பலகை பெரும்பாலும் தேர்ந்து சேர்க்கவேண்டியதாகவே உள்ளமையால், தமிழர் பணிபுரியும் காரியாலயங்களின் நிர்வாகிகள் புதுப் பயனருக்கான மாதிரியில் தமிழ்99-ஐயும் சேர்த்துவைக்கவேண்டும். சில நிமிஷப் பிரயாசையில் முடியும் இக்காரியம், இனி வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே தம் தாய்மொழியில் எழுதும் சுதந்திரத்தை அளிக்கும்.