கிள்ளான் பள்ளத்தாக்கு இந்தியர் காற்பந்தில் தற்காப்பு ஆட்டக்காரர்: தேர்வும் வளர்ப்பும்

காற்பந்தில் எதிரணியின் தாக்குதலை மறித்து நிற்கும் பின்வரிசையினர் தற்காப்பு ஆட்டக்காரர் எனப்படுவர். கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பத்துமலை, கிள்ளான் என விரியும் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் இந்தியர்கள், அவர்களுள் பெரும்பான்மையரான தமிழர்கள், இவ்வரிசைக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் தந்தவர்கள். கோல் அடித்தவர் பெயர் மறுநாள் நாளேட்டில் வந்துவிடும். மறித்தவர் பெயர் அச்சேறுவது பெரும்பாலும் அவர் கால் தவறிய நாளில்தான். அதனால் இவர்களைப் பற்றிய எழுத்து குறைவு. இவர்கள் செய்த வேலை குறைவன்று.

ஒப்பிட அமெரிக்கக் கல்லூரிகளின் முட்டைப்பந்து ஆட்டத்தைச் சொல்லலாம். அங்கே பந்து வீசுபவருக்கு அரணாக ஐவர் வரிசையாக நிற்பர். பலர் 130 கிலோவுக்கு மேல். பந்தைத் தொடும் வாய்ப்பே அவர்களுக்கு அரிது. பல்கலைக்கழகங்கள் பதினேழு, பதினெட்டு வயதில் உயரத்தையும் எலும்பமைப்பையும் பார்த்து அவர்களை எடுக்கும். முதலாண்டு பலருக்கு ஆட்டமே தராமல் உடம்பை மட்டும் வளர்க்கும். மலாயாவில் அப்படி ஒரு நிறுவனம் இருந்ததில்லை. உடம்பைத் தோட்ட வேலை வளர்த்தது, ஆட்டத்தைத் திடல் வளர்த்தது.

வரிசையின் வகைகள்

பழைய ஆட்டமுறையில் தற்காப்பு என்பது இருவர் வேலை. கோல்காவலருக்கு முன்னால் இரண்டு புல்பேக், அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாஃப்பேக், முன்னணியில் ஐவர். இதில் சென்டர் ஹாஃப் தற்காப்பாளர் அல்லர், ஆட்டத்தின் அச்சாணி. 1925இல் ஆஃப்சைட் விதி மாறியது. பந்து முன்னே போகும்போது தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்பது போய் இருவர் போதும் என்றானது. தாக்குபவர்களுக்கு வெளி கிடைத்துவிட்டதால் சென்டர் ஹாஃப் பின்னே இறங்கி ஸ்டாப்பர் ஆனார். புல்பேக் இருவரும் ஓரங்களுக்கு நகர்ந்தனர். இங்கிலாந்தில் ஆர்சனல் அணி செம்மைப்படுத்திய இந்த அமைப்பு தோட்ட நிர்வாகிகளான துரைமார் வழியாகவும் பள்ளி ஆசிரியர் வழியாகவும் மலாயாவுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்து வந்தவர் ஸ்வீப்பர். ஸ்டாப்பர் ஆளைப் பிடிப்பார். ஸ்வீப்பர் அவருக்குப் பின்னால் நின்று தப்பி வரும் பந்தைப் பெருக்கித் தள்ளுவார். முன்னவருக்கு உடம்பும் துணிவும் வேண்டும், பின்னவருக்கு முன்கூட்டிப் பார்க்கும் கண் வேண்டும். 1970களின் மலேசிய அணியில் சந்தோக் சிங் முதல் வகை, சோ சின் ஆன் இரண்டாம் வகை. இந்நாடு கண்ட ஆகச் சிறந்த தற்காப்பு இணை இதுவே. பிற்காலத்தில் ஆளைப் பிடிப்பது போய் இடத்தைக் காக்கும் நால்வர் கோடு வந்தது. அதன்பின் ஓரத் தற்காப்பாளர் மேலேறித் தாக்குவதும் கட்டாயமாயிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேறு வகை உடம்பு தேவைப்பட்டது என்பதே இந்த வகைப்பாட்டின் பயன். குட்டையான, முழங்கால் உறுதியான பழைய புல்பேக்குக்கு இன்றைய ஓரத்தில் மூச்சுப் பிடிக்காது.

தோட்டத் திடல்

ரப்பர் தோட்டத்தில் லயங்களுக்கும் கோயிலுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு திடல் இருக்கும். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பால்வெட்டு முடித்தவர்கள் மாலையில் அங்கே கூடுவர். துரை பந்து வாங்கித் தருவார், எழுத்தரான கிராணி அணியின் செயலாளர், தோட்டத்துப் பள்ளி வாத்தியார் நடுவர். பந்தயத்துக்குத் தோட்டத்து லாரியில் போவார்கள். வெற்றி பெற்றால் துரைக்குப் பெருமை என்பதால் நன்றாக ஆடுபவருக்கு அலுவலகத்திலோ ஆலையிலோ இலகுவான வேலை கிடைப்பதுண்டு. பள்ளத்தாக்கின் முதல் ஆள்சேர்ப்பு முறை இதுதான்.

பெரும்பாலும் வெறுங்கால் ஆட்டம். வெறுங்காலால் பந்தைத் தட்டிப் பறிப்பவர் எதிராளியின் மேல் விழ முடியாது. அருகில் ஒட்டி ஓடிச் சரியான கணத்தில் கால் நீட்ட வேண்டும். வெறுங்கால் ஆட்டம் தாழ்ந்ததன்று: 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பலர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 1-2 என்றுதான் தோற்றனர். காலணி அணிந்து பழகிய எதிராளியின் ஆணிக்கு அஞ்சாமல் கால் வைக்கப் பழகியவனுக்கு வேறு துணிவுப் பாடம் தேவையில்லை. தோட்டம் தந்த தற்காப்பாளரின் நிதானமான காலுக்கு இதுவே ஊற்று.

தோட்டத்தில் பின்வரிசைக்கு ஆள் எடுத்தவிதம் எளியது. எல்லாப் பையன்களும் முன்னால் ஆடவே விரும்புவர். அவர்களில் உயரமானவனை அண்ணன்மார் பின்னே நிறுத்துவர். அவன் முகம் சுளிப்பான். இரண்டு பந்தயத்தில் தலையால் முட்டிப் பந்தைத் திருப்பியபின் அந்த இடம் அவனுக்கே நிலைத்துவிடும்.

நகரமும் சங்கமும்

நகரில் தொட்டில் ரயில்வே. செந்தூலில் இருந்த மத்தியப் பட்டறையும் பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளும் தமிழர், யாழ்ப்பாணத் தமிழர், மலையாளிகள், தெலுங்கர் என எல்லாரையும் ஒரே திடலுக்குக் கொண்டுவந்தன. 1914இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழர் உடற்பயிற்சிச் சங்கம், கட்டொழுங்கான விளையாட்டு என்ற எண்ணத்தைத் தமிழரிடையே முதலில் வேரூன்றச் செய்த அமைப்புகளுள் ஒன்று.

இத்திடல்களுக்கு மேலே இருந்த இலக்கு மலாயா கிண்ணம். எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலின் மாலுமிகள் அளித்த இக்கிண்ணத்துக்கான மாநிலங்களின் போட்டி 1921இல் தொடங்கியது. 1967இல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியது. பள்ளத்தாக்கின் மாநிலமான சிலாங்கூர் இதுவரை 33 முறை வென்றிருக்கிறது. வேறெந்த மாநிலமும் அருகில் இல்லை. சிலாங்கூர்ச் சட்டை அணிவதே பத்துமலை அடிவாரத்துப் பையனுக்கும் கிள்ளான் துறைமுகத்துப் பையனுக்கும் ஒரே கனவாக இருந்தது.

தொழில்முறை ஆட்டம் இல்லாத அக்காலத்தில் ஆள்சேர்ப்பு என்பது வேலை வாங்கித் தருவதுதான். ரயில்வே, பொதுப்பணி, மின்வாரியம், சுங்கம், போலீஸ், வங்கிகள் ஆகியவை தங்கள் அணிக்காக ஆட்டக்காரரை வேலைக்கு எடுத்தன. தற்காப்பாளருக்கு இந்த முறை பெரிதும் பொருந்தியது. முன்னணி ஆட்டக்காரர் இருபது வயதில் மின்னிவிடலாம். பின்வரிசை ஆட்டக்காரர் முதிர இருபத்தைந்து, இருபத்தாறு ஆகும். அதுவரை அவரைத் தாங்கியது மாதச் சம்பளம்.

சந்திரன், ஆறுமுகம், சந்தோக் சிங்

இம்முறையின் முழு விளைச்சல் எம். சந்திரன். சிலாங்கூர்த் தற்காப்பாளரான இவர் தேசிய அணியின் தலைவராகவும் விளங்கினார். மலேசியா முதன்முதலாகத் தகுதி பெற்ற 1972 மியூனிக் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார். அங்கே மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 எனத் தோற்றாலும் அமெரிக்காவை 3-0 என்று மலேசியா வென்றது. ஒரு கோல்கூட விடாத அந்த ஆட்டத்தைப் பின்வரிசையின் வெற்றி என்றே கொள்ள வேண்டும்.

கோல்காவலரையும் இவ்வரிசையில் சேர்க்கும் வழக்கப்படி ஆர். ஆறுமுகம் அடுத்தவர். நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்தது. கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் பிறந்த சந்தோக் சிங், மலாக்காவிலிருந்து வந்து சிலாங்கூருக்கு ஆடிய சோ சின் ஆன் ஆகிய இருவரும் அவருக்கு முன்னால் நின்றனர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது இந்த மூவரே முதுகெலும்பு. அரசு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் போகவில்லை. 2016இல் வந்த ‘ஓலா போலா’ திரைப்படத்தின் கோல்காவலர் முத்து, ஆறுமுகத்தை நினைவூட்டும் பாத்திரம். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்தார். அவர் ஆடிய காலம், ஒரு தமிழ் இளைஞனை மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவருமே தங்கள் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடிய காலம்.

வளர்ப்பு முறை

தற்காப்பைத் தனியே கற்பித்த பயிற்சி நூல் எதுவும் அன்றைய திடல்களில் புழங்கவில்லை. மூத்தவர் பக்கத்தில் இளையவரை நிறுத்துவதே பாடம். ‘வெளியே வா’, ‘விடு’, ‘ஆளைப் பார்’ என்று ஆட்டம் முழுதும் மூத்தவர் கத்திக்கொண்டே இருப்பார். இரண்டு பருவம் அந்தக் குரலைக் கேட்டவன் மூன்றாம் பருவத்தில் தானே கத்தத் தொடங்குவான். மாநில இளையோருக்கான பர்ன்லி கிண்ணப் போட்டி இந்தப் படியில் முக்கியமான மேடை.

முன்னே ஆடியவரைப் பின்னே மாற்றுவது எக்காலத்துக்கும் பொதுவான இன்னொரு வழி. எஸ். குணாளன் இதற்குப் பிற்காலச் சான்று. வேகத்துக்குப் பெயர் பெற்ற ஓர ஆட்டக்காரரான இவர், கே. ராஜகோபால் பயிற்சியில் 2009 சீ விளையாட்டுத் தங்கமும் 2010 ஆசியான் கிண்ணமும் வென்ற அணிகளில் ஆடினார். பின்னர் ஜொகூர் டாருல் தாசிம் அணியில் வலப்புறத் தற்காப்பாளராக நிலைபெற்றார். தாக்குபவன் எங்கே திரும்புவான் என்பது தாக்கி ஆடியவனுக்குத் தெரியும்.

துண்டாடலுக்குப் பின்

பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடல் 1950களில் தொடங்கி இந்த அடித்தளத்தை உடைத்தது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிச் சில தோட்டங்களை மீட்டார். மீட்க முடியாதவை பல. பள்ளத்தாக்கில் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தன, திடல் வரவில்லை. இந்தியர் காற்பந்து மெலிந்ததற்கு இது ஒரு பெருங்காரணம். திறமை வற்றிவிட்டது என்பது பொய். 1989இல் பகுதித் தொழில்முறை வந்தபோது வேலைவழி ஆள்சேர்ப்பும் ஓய்ந்தது. மிஞ்சிய சிறு திடல்களில் எழுவர் ஆட்டம் பெருகியது. அதில் கால்நுட்பம் வளரும். நால்வர் கோடாக நின்று ஆஃப்சைட் பிடிக்கும் பழக்கம் வளராது.

மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் ‘மிஃபா’ அணி 2017இல் பிரிமியர் லீக்கிலும், பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்கிலும் ஆடியது. பி. மணியம் பயிற்சியில், வெளிநாட்டு ஆட்டக்காரர் எவரையும் சேர்க்காமல் 2022 பருவத்தை ஆடி முடித்து லீக்கிலிருந்து விலகியது. அதன் தற்காப்பாளர் சிலர் வேறு அணிகளுக்குச் சென்றனர்.