கேங்கிலியான் கட்டி: செல்லமைப்பும் திசுத் தோற்றமும்

மூட்டுறையையோ தசைநாண் உறையையோ ஒட்டி எழும், கூழ் போன்ற திரவம் நிறைந்த வீக்கமே கேங்கிலியான் கட்டி. கையிலும் மணிக்கட்டிலும் வரும் மென்திசுக் கட்டிகளில் இதுவே மிகப் பரவலானது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், 20 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கும் கூடுதலாக வருகிறது. இது புற்றுநோய் அல்ல.

பேச்சில் நீர்க்கட்டி என்றாலும், நோய்க்கூற்றியலின் கண்டிப்பான வரையறைக்குள் இது அடங்காது. அசல் நீர்க்கட்டியின் உட்புறத்தில் எபிதீலியச் செல்கள் பாய் விரித்தாற்போல் படிந்திருக்கும். கேங்கிலியானில் அந்தப் படலம் இல்லை. மூட்டின் உட்புறத்தை மூடும் சினோவியல் படலமும் இல்லை. நுண்ணோக்கியில் தெரிவது நெருக்குண்ட கொலாஜன் இழைகளும், அவற்றினூடே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டையான செல்களும்தான். இவை ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளும் அவற்றை ஒத்த இணைப்புத் திசுச் செல்களும். சில இடங்களில் அவை வரிசையாக ஒட்டிக்கிடந்து படலம் இருப்பதாக மயக்கம் தரும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் வெறும் கொலாஜன். அழற்சிச் செல்கள் அரிது. செல்கள் பெருகியதால் உண்டான வீக்கம் அல்ல என்பதால் இதை வளர்கட்டிகளோடும் சேர்ப்பதில்லை.

உள்ளிருப்பது ஹயலூரோனிக் அமிலம் மிகுந்த திரவம். குளுக்கோசமைன், அல்புமின், குளோபுலின் ஆகியவையும் உண்டு. மூட்டுத் திரவத்தைவிட இது கெட்டி. மெல்லிய ஊசியால் உறிஞ்ச முயன்றால் எளிதில் வராது.

தோற்றம் பற்றிய வாதம் பழையது. மூட்டின் உட்படலம் வெளியே பிதுங்குவதே காரணம் என்ற கருத்து 18-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அது சரியென்றால் கட்டிக்குள் அந்தப் படலம் இருந்திருக்க வேண்டும். இணைப்புத் திசு சிதைந்து கூழாவதே காரணம் என்று 1893-இல் மருத்துவர் லெடர்ஹோஸ் கூறினார். கார்ப், ஸ்டவுட் என்ற மருத்துவர்கள் இருவரும் 1928-இல் அதை வலுப்படுத்தினர். ஆனால் மூப்பின் தேய்மானம் இல்லாத இளைஞர்களின் கைகளிலேயே இது அதிகம் என்பது அந்த விளக்கத்துக்கு இடறல். அடிக்கடி இழுபடும் மூட்டுறையில் உள்ள செல்கள் தூண்டப்பட்டு ஹயலூரோனிக் அமிலத்தைச் சுரக்கின்றன, சிறுசிறு தேக்கங்கள் கூடி ஒரு பையாகின்றன என்ற விளக்கமே திசுவில் காண்பதோடு கூடுதலாகப் பொருந்துகிறது. மூட்டுறைக்குள் நுண்ணிய தேக்கங்களும் வளைந்த குழாய்களும் தென்படுவது இதற்குச் சான்று.

மணிக்கட்டின் புறங்கைப் பக்கத்துக் கட்டிகள்தாம் மொத்தத்தில் 60 முதல் 70 விழுக்காடு. மணிக்கட்டின் சிற்றெலும்புகளான படகெலும்பையும் பிறையெலும்பையும் பிணைக்கும் நாரிலிருந்தே இவை பெரும்பாலும் கிளம்புகின்றன என்பதை ஆஞ்சலிடஸ், வாலஸ் ஆகியோரின் 1976 ஆய்வு காட்டியது. தோலுக்கடியில் புடைத்துத் தெரியும் பைக்கும் இந்த நாருக்கும் இடையே ஒரு காம்பு ஓடுகிறது. மூட்டுக்குள் செலுத்திய எக்ஸ்-ரே சாயம் கட்டிக்குள் போகும். கட்டிக்குள் செலுத்தியது மூட்டுக்குத் திரும்புவதில்லை. இந்த ஒருவழி வால்வுதான் திரவத்தைத் தேக்கிவைக்கிறது.

முதியோரின் விரல் நுனி மூட்டில் நகத்தருகே வரும் சளிக்கட்டியும் இதே இனம். அங்கே மூட்டுத் தேய்வும் எலும்பு முனைப்பும் துணைபோகின்றன.

கட்டிகளில் ஏறக்குறைய பாதி தாமாகவே மறைந்துவிடும். ஊசியால் உறிஞ்சினால் காம்பும் ஊற்றிடமும் அப்படியே இருப்பதால் பல மீண்டும் வருகின்றன. அறுவை செய்வோர் காம்பையும், அது முளைத்த மூட்டுறையில் ஒரு சிறு துண்டையும் சேர்த்தே வெட்டியெடுக்கிறார்கள்.