மாங்குளத்துக்கு வந்த பணம்

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே செல்வோருக்கு மாங்குளம் ஒரு சந்தி. கிழக்கே முல்லைத்தீவுக்கான வீதி இங்குதான் பிரிகின்றது. 1990 நவம்பரில் இராணுவ முகாம் வீழ்ந்தது முதல் 2008 நவம்பர் வரை இந்தச் சிற்றூர் நான்கு தடவை கைமாறியிருக்கின்றது. இத்தனை கைமாற்றங்களுக்கு இடையிலும் வெளிநாட்டிலிருந்து இவ்வூருக்குப் பணம் வந்துகொண்டேயிருந்தது. அது எப்படி வந்தது, வழியில் எப்படிக் களவுபோனது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணத்தைத் தந்தது அண்மையில் கேள்வியுற்ற ஒரு சம்பவம்.

மாங்குளத்தில் வசிக்கும் எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டிக்கு, ரொறன்ரோவில் இருக்கும் மகன் பொங்கலுக்காக 25,000 ரூபா பெறுமதியான மின்பரிசு வவுச்சர் ஒன்றை அனுப்பினார். அம்மாவிடம் கைத்தொலைபேசி இல்லை. ஆகவே பேரனின் மின்னஞ்சலுக்கு அது வந்தது. மூன்று நாள் கழித்துக் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறிப்போய்ச் சாமான்களைத் தெரிந்தெடுத்துக் காசாளரிடம் எண்ணைக் காட்டியபோது, அது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்றார்கள். எடுத்த சாமான்களைத் திரும்ப வைத்துவிட்டு வந்தார்கள்.

காசு போனது ஒரு துயரம். பழி பேரன் மீது விழுந்தது அதனினும் பெரிய துயரம். எண்ணைப் பார்த்தவன் அவன் ஒருவன்தானே! "வேறு ஆர் எடுத்திருப்பினம்?" என்று சொந்த மாமியே கேட்டாராம். பதினேழு வயதுப் பையன் இரண்டு நாட்கள் சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். பணத்தை அனுப்புகின்றவனும் பெறுகின்றவனும் வெவ்வேறு ஊரில் இருக்கும்போது, இடையில் இருப்பவன் எடுத்துவிடாமல் காப்பது எப்படி என்ற கேள்வி மிகப் பழையது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தபால் வண்டிகளைக் கள்வர் வழிமறித்த காலத்தில், பணத்தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்பி, அது சேர்ந்ததென்று தெரிந்த பின் மறு பாதியை அனுப்பும் வழக்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு இந்தியாவிலும் இவ்வாறு பாதித் தாள்கள் தபாலில் பயணம் செய்தன. கள்வன் கையில் அகப்பட்ட ஒரு பாதியால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை.

இதனினும் நுட்பமானது காசுக்கட்டளை. பிரித்தானியத் தபால் திணைக்களம் 1838 இல் இதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அந்த முறையில், பெறுபவரின் கையில் கட்டளை இருந்தால் மட்டும் போதாது. பணம் கொடுக்க வேண்டிய கந்தோருக்கு அனுப்பியவரின் பெயர் தனி அறிவித்தலாகச் செல்லும். கட்டளையோடு வருபவர் அனுப்பியவர் யாரென்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 1880 இல் தபாற்கந்தோர்கள் இச்சேவையை ஏற்றபோது, தபாற்காரர் வீட்டு வாசலில் காசை எண்ணிக் கொடுத்துக் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ பெற்று, அந்தத் துண்டை அனுப்பியவருக்கே திருப்பினார். மகன் அனுப்பியது தாய்க்குச் சேர்ந்தது என்பதற்குத் தாயின் பெருவிரலே சாட்சி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக உருவான இந்த ஏற்பாட்டின் அழகு எனக்கு எப்போதும் வியப்பளிப்பதுண்டு.

நமது செட்டிமாரின் உண்டியல் இன்னொரு வழி. கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து பர்மா, மலாயா வரை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உண்டியல்கள் செல்லுபடியாகின. இந்திய வணிகர் மத்தியில் உண்டியலுக்குப் பல வகைகள் இருந்தன. கொண்டுவருபவருக்குக் கொடுக்கத்தக்கது ஒன்று. பெயர் குறித்தவருக்கு மட்டுமே கொடுக்கத்தக்கது இன்னொன்று. சந்தையில் மதிப்புள்ள ஒரு வணிகர் வழியாக மட்டுமே மாற்றத்தக்க 'சாஜோக்' உண்டியல் மூன்றாவது. இம்மூன்றாவது வகையில், உண்டியல் களவெடுத்ததென்றோ பொய்யானதென்றோ பின்னர் தெரியவந்தால், பணத்தைப் பெற்ற வணிகரே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொலைந்த உண்டியலுக்குப் பதிலாகப் 'பேட்' என்ற இரண்டாம் பிரதியும், அதுவும் தொலைந்தால் மூன்றாம் பிரதியும் எழுதித் தரப்பட்டன. இழப்பு நேரும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து, அது யார் தலையில் விழ வேண்டும் என்பதையும் தீர்மானித்து வைத்திருந்தார்கள் அந்த வணிகர்கள்.

இனி வன்னிக்கு வருவோம். 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றது முதல், இரவுத் தபால் வண்டி தெற்கிலிருந்து பைகளைக் கொண்டுவந்தது. 1990 இல் அது நின்றது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரை ரயில் மீண்டும் ஓடும் வரை இருபத்துமூன்று ஆண்டுகள் மாங்குளம் ரயிலின் ஓசையைக் கேட்கவில்லை. அந்த ஆண்டுகளில் வெளிநாட்டுக் கடிதம் மாதக்கணக்கில் அலைந்து வந்து சேரும். கடிதத்துக்குள் டொலர் வைத்தவர்கள், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியாதிருக்க அதனைக் காபன் தாளில் சுற்றி வைத்தார்கள். உறை வந்து சேர்ந்து, உள்ளே காபன் தாள் மட்டும் இருந்த கதைகள் உண்டு.

ஆகவேதான் செட்டிமாரின் சொல் புலம்பெயர் தமிழர் வாயில் புதுப்பொருளுடன் மீண்டும் பிறந்தது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு கடைக்காரரிடம் பணம் கட்டினால், வவுனியாவில் இருக்கும் அவருடைய ஆள் உரியவர் கையில் ரூபாவாகக் கொடுப்பார். தாளும் இல்லை, முத்திரையும் இல்லை. பெயரைக் கேட்பார்கள், தகப்பன் பெயரைக் கேட்பார்கள், அனுப்பியவர் என்ன முறை என்று கேட்பார்கள். சில இடங்களில் ஒரு ரூபாய்த் தாளின் தொடர் இலக்கமே அடையாளமாயிற்று. இலக்கத்தை அனுப்பியவர் தொலைபேசியில் சொல்லிவிடுவார். பெறுபவர் அதே இலக்கத்தைச் சொல்லிப் பணத்தை வாங்குவார். உண்டியலில் ஏமாந்தவர்களும் இருக்கின்றார்கள். சட்டத்தின் கண்ணில் அது எங்கும் நல்ல பெயர் எடுத்ததில்லை. ஆனால் இலக்கம் மட்டும் தெரிந்த அந்நியன் ஒருவன் வந்து நின்றால் உண்டியல்காரர் அவன் முகத்தை ஒரு தடவை பார்ப்பார்.

மின்பரிசு வவுச்சரில் இல்லாதுபோனது அந்தப் பார்வைதான். அதில் இருப்பது எண் மட்டுமே. எண்ணை அறிந்தவன் உரிமையாளன். மின்னஞ்சல் கணக்குக்குள் நுழைந்தவன் அறியலாம். வழங்கும் நிறுவனத்துக்குள் இருப்பவன் அறியலாம். பேரன் மட்டும்தான் அறிவான் என்பது தவறான முடிபு. எவரும் பார்க்காமலே கூட எண் களவுபோகலாம். 2017 இல் ஏறத்தாழ ஆயிரம் இணையத்தளங்களில் தானியங்கி நிரல் ஒன்று பரிசு அட்டை எண்களை இலட்சக்கணக்கில் ஊகித்துப் பார்த்து, மீதி இருக்கும் எண்களைப் பொறுக்கி எடுத்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அமெரிக்காவில் கடைத் தட்டிலிருக்கும் அட்டையின் உறையைப் பிரித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்ப ஒட்டி வைக்கும் கூட்டங்களைத் தேடி உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் 2023 இல் தனி நடவடிக்கையே தொடங்கியது. மேரிலாந்து மாநிலம் 2024 இல் உறை எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

மாங்குளத்துக் கதைக்குத் திரும்புகின்றேன். கடையில் முறையிட்டபோது, "எண்ணை நீங்கள்தான் கவனமாக வைத்திருக்க வேண்டும்" என்ற பதிலே கிடைத்தது. நான் மகனுக்குச் சொன்னது இதுதான்: வவுச்சரை வாங்கியவர் நீங்கள், ஒப்பந்தம் உங்களோடுதான், அம்மா முறையிட்டுப் பயனில்லை, நீங்கள் எழுத வேண்டும். வாங்கிய பற்றுச்சீட்டையும் மின்னஞ்சலையும் அழிக்காமல் வையுங்கள். காசைத் திருப்பித் தா என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கிளையில் அந்த எண் பயன்பட்டது என்று கேளுங்கள். அந்தப் பதிவு அவர்களிடம் இல்லாதிருக்க முடியாது. மறுத்தால், கிறடிற் காட் வழங்கிய வங்கியிடம் கொடுப்பனவை மறுத்து முறையிடுங்கள். அதற்கு நாட்கணக்கு உண்டு, தாமதிக்க வேண்டாம்.

வங்கியின் பெயரை எடுத்த பிறகுதான் பதில் வந்தது. அனுப்பிய அன்றிரவே, தெற்கே ஒரு நகரத்தில், மூன்று தவணையாக அந்த எண் பயன்படுத்தப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் பேரன் மாங்குளத்தில் தனியார் வகுப்பில் இருந்தான். புதிய எண் ஒன்று தந்தார்கள். செட்டிமார் மொழியில் சொன்னால் 'பேட்'. ஆனால் அதற்குள் பொங்கல் கழிந்து நான்கு கிழமையாகிவிட்டது.

மாமி பையனிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியவில்லை. இப்போது மகன் வங்கியூடாக அம்மாவின் கணக்குக்கே அனுப்புகின்றார். அம்மா அடையாள அட்டையுடன் போய்க் கையொப்பமிட்டு எடுக்கின்றார். கூட வா என்று கூப்பிட்டால் பேரன் வங்கி வாசல் வரைதான் வருகின்றானாம், உள்ளே வருவதில்லை.