ஒட்சிசனும் முதுமையும்

யாதொன்றின்றிச் சில நிமிடமேனும் மனிதன் உயிர்தரித்தல் அரிதோ, அதுவே அவனுடலை நாளுக்குநாள் அரித்து வருகின்றது என்று கூறின் கேட்போர் ஐயுறுவர். ஆயினும் ஒட்சிசனைப் பற்றிய இக்கருத்துப் புதியதன்று. 1774ஆம் ஆண்டில் அவ்வாயுவைப் பிரித்தெடுத்த ஆங்கில அறிஞர் யோசேப்பு பிறீஸ்ற்லி அதனைத் தாமே சுவாசித்து இன்புற்றவர். அவரே, அவ்வாயுவில் மெழுகுதிரி விரைந்தெரிந்து தீர்தல்போல மனிதரும் விரைவில் வாழ்ந்து தீர்ந்துவிடுவரோ என ஐயமும் எழுப்பினார்.

அவ்வினா ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் விடையின்றிக் கிடந்தது. இடையில் 1908இல் மாக்ஸ் றூப்னர் என்னும் செருமானியர், விலங்குகள் தம் வாழ்நாளில் உடல்நிறையின் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய ஒரேயளவு சக்தியைச் செலவிடுகின்றன எனக் கணித்தார். மனிதன் அக்கணக்கினுள் அடங்கவில்லை, பறவைகளும் அடங்கா.

விடைக்கு வழிதிறந்தவர் ஆர்ச்சன்ரீனா நாட்டுப் பெண்மணி றெபேக்கா கேர்ஷ்மன். மிகையான ஒட்சிசன் விளைக்கும் நஞ்சும், எக்ஸ் கதிர் விளைக்கும் ஊறும் ஒரே தன்மையன என்று அவரும் அவர்தம் குழுவினரும் 1954இல் எழுதினர். இரண்டிலும் தோன்றுவன சுயாதீன மூலிகங்களே. சோடியற்ற இலத்திரனையுடைய இம்மூலிகம், அக்குறையை நிரப்புதற்கு அயலிலுள்ள மூலக்கூற்றினின்றும் இலத்திரனைப் பறிக்கும். பறிகொடுத்தது தானும் மூலிகமாகிப் பிறிதொன்றைத் தாக்கும். குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளுக்கு மிகுதியாக ஒட்சிசன் ஊட்டியதனால் ஆயிரக்கணக்கானோர் பார்வையிழந்த துயரம் வெளிப்பட்டதும் அக்காலத்திலேயே. இவ்வரலாற்றைக் கூறுவோர் பலர் கேர்ஷ்மன் பெயரை விட்டுவிடுதல் முறையன்று.

முன்னர் எண்ணெய்க் கம்பனியொன்றில் இரசாயனியாயிருந்து பின்னர் மருத்துவம் பயின்ற டெனம் ஹார்மன், முதுமையே இம்மூலிகங்களின் வினை என்று 1956இல் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. ஆனால் 1969இல் மக்கோட், பிறிடோவிச் என்னும் இருவர், இத்தகைய மூலிகமொன்றை அழிப்பதையே தொழிலாகவுடைய நொதியத்தை மாட்டின் செங்குருதிக் கலங்களிற் கண்டனர். பகைவரில்லா ஊருக்குக் கோட்டைக் காவல் எதற்கு? 1972இல் ஹார்மன் இழைமணியையே மூலிகங்களின் பிறப்பிடமாகவும் முதற்பலியாகவும் சுட்டினார். ஆக்கமும் காப்பும் சமநிலை குலைந்த நிலைக்கு ஒட்சியேற்றத் தகைப்பு என்னும் பெயரை 1985இல் நிலைபெறச் செய்தவர் எல்மூற் சீஸ்.

இனி, ஆண் பெண் வேறுபாடு. ஹார்மனின் கட்டுரை வெளிவந்த அதே 1956இல், மலேரியா மருந்தாகிய பிறிமாகுயின் சிலருடைய செங்குருதிக் கலங்களைச் சிதைப்பதன் காரணம் அமெரிக்காவிற் கண்டறியப்பட்டது. ஒட்சியேற்றத்தைத் தாங்குதற்கு வேண்டிய நொதியமொன்று அவர்களிடத்துக் குறைவு. அதன் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. பெண்ணுக்கு அந்நிறமூர்த்தம் இரண்டு, ஆணுக்கு ஒன்றே; ஆதலின் இக்குறையால் வருந்துவோர் பெரிதும் ஆண்களே. இம்மருந்து நம் நாட்டு மலேரியா ஒழிப்பிலும் பயன்பட்டது.

2003இல் இசுப்பானியாவின் வலென்சியா நகர ஆய்வாளர், பெண்ணெலியின் இழைமணிகள் ஆணெலியினவற்றிலும் குறைவாகவே ஐதரசன் பரவொட்சைட்டைத் தோற்றுவித்தலைக் கண்டனர். சூலகத்தை அகற்றியபோது அவ்வேறுபாடு மறைந்தது. ஈசுத்திரசன் அளித்தபோது மீண்டது. மாதவிடாய் நின்றபின் பெண்களின் இருதயநோய் பெருகுதற்கு இஃதொரு விளக்கமாகலாம். குருதியிழப்பு நின்றபின் உடலிற் சேரும் இரும்பே காரணமென 1981இல் சலிவன் கூறியதும் நோக்கத்தக்கது. இரும்பு மூலிகங்களைப் பெருக்கவல்லது. எனினும் எலியிற் கண்டதை எல்லா உயிர்க்கும் ஏற்றிவிடலாகாது. சுண்டெலி இனங்கள் சிலவற்றில் அவ்வேறுபாடு காணப்படவில்லை.

கோட்பாட்டுக்கு நேர்ந்த பெருஞ்சோதனை மருத்துவத்தில் வந்தது. பின்லாந்திற் புகைப்பழக்கமுடைய 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீற்றாக் கரற்றீன் உண்டோரிடைச் சுவாசப்பைப் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 39,876 பெண்களுக்கு விற்றமின் ஈ கொடுத்துப் பத்தாண்டளவு நோக்கியதில், இருதயநோயும் புற்றுநோயும் மொத்தத்திற் குறையவில்லை என 2005இல் அறிவித்தனர். ஒரு பாலார்க்கன்று, இரு பாலார்க்கும் ஏமாற்றமே. கலங்கள் பரவொட்சைட்டைச் செய்தி கடத்தும் கருவியாகவும் கொள்கின்றன என்பது இன்று தெளிவு. தேகப்பயிற்சியின் பயன் சிலவற்றை விற்றமின் சீ, ஈ குளிசைகள் தடுத்ததை 2009இல் செருமனியிற் கண்டனர். இருந்தும் மருந்துக்கடைகளில் இளமை தருவதாகக் கூறும் குளிசைகளின் விற்பனை குறைந்தபாடில்லை. வாங்குவோரில் நம் பழைய மாணவரும் உளர்.

ஹார்மன் தாமும் இவ்விற்றமின்களை நாடோறும் உட்கொண்டவர். முதுமையிலும் ஓட்டப்பயிற்சியை விடாதவர். 2014இல், தமது 98ஆம் வயதில் அவர் காலமானார்.