ஏலத்தில் கேட்டவள்

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல், முதுகலை வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது ஒரு மாணவி கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். அவளுக்குப் பிடித்த பாடகர் ஒருவர், குழந்தைகளின் அறுவை சிகிச்சைக்கு நிதி திரட்டுவதற்காகத் தன்னோடு ஒரு மாலை நேரத்தைக் கழிக்கும் வாய்ப்பை ஏலம் விட்டிருந்தார். அதிகத் தொகை கேட்பவர் அவரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், படம் எடுத்துக்கொள்ளலாம், விரும்பிய பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்கலாம். ஏலத்தொகை அதற்குள் பல லட்சத்தைத் தாண்டியிருந்தது. "எங்கப்பா ஒரு போகத்து நெல்லு முழுசையும் போட்டாக்கூட எட்டாதும்மா" என்று சிரித்தாள். பின்னால் வந்த பையன்களில் ஒருவன், "இதுக்குப் பைத்தியம்மா" என்றான். அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பாடகரின் அருகில் இருப்பதற்காக ஆண் பணத்தை இறைத்தால் நம் ஊரில் அவன் ரசிகன், புரவலன், சங்கீத ஞானஸ்தன். அதையே பெண் விரும்பினால் பைத்தியம். இத்தனைக்கும், பாடுகிறவரின் அருகாமைக்கு விலை வைப்பது தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புதிதே இல்லை. எங்கள் ஊர்களில் குளத்து மீனை ஏலம் விடுவார்கள், கோயில் புளியமரத்தை ஏலம் விடுவார்கள். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவாமலேயே இன்னொரு ஏலமும் இங்கே நீண்ட காலம் நடந்துவந்தது.

மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ஆங்கிலேயர்கள் தஞ்சை அரசை எடுத்துக்கொண்டார்கள். அரண்மனையை நம்பியிருந்த பாடகர்கள், நட்டுவனார்கள், ஆடிய பெண்கள் எல்லோருக்கும் அதன்பின் இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, ரயிலேறிச் சென்னைக்குப் போவது. மற்றொன்று, காவிரிப் பாசனத்தில் நெல் விளைவித்துப் பணம் பார்த்த மிராசுதார்களின் வீட்டு முற்றம். கல்யாணக் கச்சேரிக்கு யார் வீட்டில் எந்தப் பாடகி வந்தாள் என்பது மிராசுதார்களுக்குள் ஒரு போட்டி. அந்தப் போட்டி கச்சேரியோடு நின்றதுமில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' நாவலைப் படித்தவர்களுக்கு இது தெரியும். நிலத்தை விற்றுத் தாசி வீட்டு வாசலில் கொட்டுகிற மைனர்கள் அதில் வருகிறார்கள். அம்மையார் தாசிகள் மீது கடுமையாகவே பேசுகிறார். அந்தக் குலத்திலிருந்து வந்தவர் என்பதால் அந்தக் கடுமையில் வலியும் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த நாவலில் தெரிவது, பாட்டும் உடம்பும் ஒரே விலைச்சீட்டில் எழுதப்பட்ட ஒரு சந்தை. அதில் விலை சொல்கிறவன் எப்போதும் ஆண்.

தேசிய இயக்கம் வந்தபோது இந்தச் சந்தைக்குப் புதிய முகம் கிடைத்தது. பொதுக்கூட்டத்தில் ஏலம் விடுவதில் காந்தி தேர்ந்தவர். தனக்கு அளித்த வரவேற்பிதழ்களை, அவை வைக்கப்பட்ட பேழைகளை, மேடையிலேயே ஏலம் விட்டு நிதியில் சேர்ப்பார். கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்குவார். பிரபலமானவரின் அருகாமையைக் காசாக்கி நல்ல காரியத்துக்குத் தருவது என்னும் இன்றைய முறையை நம் நாட்டில் வெட்கமே இல்லாமல், சிரித்துக்கொண்டே செய்துகாட்டியவர் அவர்தான். அந்த மேடைகளில் பெண்கள் கொடுத்தது பெரும்பாலும் நகை. 1934 ஜனவரியில் வடகரையில் கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்ததைக் காந்தியே வியந்து எழுதியிருக்கிறார். பெண்ணுக்குச் சொந்தம் என்று சொல்ல அன்று வேறென்ன இருந்தது? நிலம் அப்பா பேரிலும் வீடு கணவன் பேரிலும் இருக்கும். கழுத்தில் கிடப்பது மட்டும்தான் அவள் பேரில்.

காவிரிக் கரையில் நடந்ததாக ஒரு கதை உண்டு, கொடுமுடியில். கே.பி. சுந்தராம்பாள் வீட்டுக்குக் காந்தி வந்தார். அழைத்து வந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. சுந்தராம்பாள் தங்கத் தட்டில் உணவு பரிமாறினார். சாப்பிட்டு முடித்த காந்தி, சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று கேட்டாராம். சுந்தராம்பாள் தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டார். காந்தி அதை ஏலம் விட்டுக் கட்சி நிதியில் சேர்த்தார். மேடைகளில் இதைத் தியாகக் கதையாகச் சொல்வார்கள், கேட்பவர்கள் கைதட்டுவார்கள். சின்ன வயதில் நானும் தட்டியிருக்கிறேன்.

இப்போது கேட்டால் எனக்கு அந்தத் தட்டின் முன்கதைதான் நினைவுக்கு வருகிறது. வறுமையில் பிறந்து, நாடக மேடையில் தொண்டை கிழியப் பாடிச் சம்பாதித்தவர் சுந்தராம்பாள். கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு ஒதுங்கியிருந்தவரை 'நந்தனார்' படத்தில் நடிக்கக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று நேராகச் சொல்லாமல், வந்தவர்கள் பயந்து ஓடட்டும் என்று லட்ச ரூபாய் கேட்டார் என்பார்கள். அவர்கள் சரி என்றுவிட்டார்கள்! படம் 1935-இல் வெளிவந்தது. மறுப்பதற்காகச் சொன்ன விலை ஊரே பேசும் விலையாக மாறிய விந்தை அது. பிறகு 1937 தேர்தலில் சத்தியமூர்த்தி கேட்டுக்கொள்ள ஊர் ஊராகக் காங்கிரசுக்குப் பாடினார். அவர் குரலுக்காகக் கூடிய கூட்டம் அவர் சொன்ன பெட்டியில் ஓட்டுப் போட்டது. தங்கத் தட்டைவிடப் பெரிய கொடை அது. ஆனால் அதை ஏலத்தில் வைத்துத் தொகை சொல்ல முடியாது, அதனால் மேடைக் கதையிலும் அது வருவதில்லை. 1951-இல் அவர் சட்ட மேலவை உறுப்பினரானார் என்பதையாவது என் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எம்.எஸ். சுப்புலட்சுமியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்குப் பாடியதில் தொடங்கி, மருத்துவமனை, கல்விக்கூடம், கோயில் என்று வாழ்நாள் முழுக்க நிதிக் கச்சேரிகள் பாடினார். 1974-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பாடகிக்குத் தரப்பட்ட அந்த விருது கலைக்காக அல்ல, பொதுச்சேவைப் பிரிவில். எந்தக் கச்சேரி, எந்த நிதி என்பதை எல்லாம் பார்த்துக்கொண்டவர் சதாசிவம். அவர் பாடினார், பணம் அவரைக் கடந்து போயிற்று.

இந்தக் கதைகளில் எல்லாம் பெண், பாடுகிறவள். மற்றவர்கள் விலை கேட்கிறவர்கள். இதைத் தலைகீழாக்கிய ஒருத்தியின் சமாதி எங்கள் கல்லூரியிலிருந்து பேருந்தில் அரை மணி நேர தூரத்தில் இருக்கிறது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878-இல் மைசூர்ச் சீமையில் நஞ்சன்கூடு அருகே, தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்து பாடிப் புகழும் பணமும் சேர்த்தார். சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் என்று சொல்வார்கள். படிப்பாளி. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துபழனி தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' காவியத்தை, வெட்டியெறியப்பட்ட பகுதிகளையும் சேர்த்து 1910-இல் பதிப்பித்தார். பெண் இப்படி எழுதலாமா என்று வீரேசலிங்கம் முகம் சுளித்த நூல் அது. ஆண்கள் எழுதினால் மட்டும் அசிங்கமில்லையா என்று இவர் திருப்பிக் கேட்டார். அரசு நூலைத் தடை செய்தது. முத்துலட்சுமி ரெட்டியின் தேவதாசி ஒழிப்பு முயற்சியை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். அந்த விவாதத்தில் நான் முத்துலட்சுமி பக்கம்தான். ஆனால் அதற்காக நாகரத்தினம்மாளை நம் பெண்ணிய வரலாற்றிலிருந்து தள்ளிவைத்தவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

1921-இல் அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. திருவையாற்றில் காவிரிக் கரையில் தியாகராஜரின் சமாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. தியாகராஜர் இறந்தது 1847-இல். அரசவைக்குச் சரபோஜி மன்னர் அழைத்தும் போகாதவர் என்று போற்றப்படுகிறவர். விலைக்கு வராத பாடகர். அவர் தன் கனவில் வந்தார் என்று நாகரத்தினம்மாள் சொன்னார். வீட்டை விற்றார், நகைகளை விற்றார். சமாதி நிலத்தை மீட்டு, அதைச் சுற்றிக் கோயில் எழுப்பி, தியாகராஜருக்குச் சிலை வைத்து, 1925 ஜனவரியில் குடமுழுக்கு நடத்தினார். சென்னை வாழ்க்கையை உதறிவிட்டுத் திருவையாற்றுக்கே குடிவந்தார்.

ஒரு ரசிகை தனக்குப் பிடித்த பாடகரின் அருகில் இருப்பதற்காகக் கொடுத்த தொகை இது. இறந்து முக்கால் நூற்றாண்டு ஆன ஒருவருக்காக. பக்தி என்று மட்டும் இதைச் சொல்லிவிட்டால் மரியாதையாக இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை. ஒரு குரலின் மேல் வைத்த பித்து அது. என் மாணவிக்கு இருப்பதும் அதுதான்.

தொகையைக் கட்டிய பிறகும் அவரை உள்ளே விடவில்லை. ஆராதனையைப் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டு கோஷ்டிகள் தனித்தனியாக நடத்திக்கொண்டிருந்தன. எல்லா விஷயத்திலும் சண்டை போட்டுக்கொண்ட அந்த இரண்டு கோஷ்டிகளும் ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன: பெண்கள் அங்கே பாடக்கூடாது. அன்று மேடையில் பாடும் பெண் என்றால் பெரும்பாலும் தேவதாசி, டி.கே. பட்டம்மாள் போன்றவர்கள் மேடையேறுவது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். ஆக, அந்தத் தடையில் பெண் என்பதும் சாதி என்பதும் சேர்ந்தே இருந்தன. நாகஸ்வரக்காரர்களுக்கும் மேடையில் இடமில்லை. கோயிலைக் கட்டியவள் வெளியே, அதில் பாடுகிறவர்கள் உள்ளே.

நாகரத்தினம்மாள் கெஞ்சவில்லை. 1920களின் பிற்பகுதியில், டெல்டா ஊர்களிலிருந்து தேவதாசிப் பாடகிகளை வரவழைத்து, சமாதிக்குப் பின்புறத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். பெண்கள் கட்சி என்று அதற்குப் பெயர் வந்தது. தை மாதம், அறுவடைக் காலம். முன்பக்கம் ஆண்கள் பாடிக்கொண்டிருக்க, பின்பக்கம் ஆற்றங்கரையிலிருந்து பெண் குரல்கள் எழும்பியிருக்கும். இந்தக் காட்சியைக் கவிதையாக எழுத நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் இழுபறி நடந்தபின் 1940 வாக்கில் மூன்று கட்சிகளும் ஒன்றாயின, பெண்களும் பாடினார்கள். 1949-இல் எழுதிய உயிலில், இசைத் தொண்டு செய்யும் பெண்களுக்கும் தேவதாசிகளுக்கும் அந்த இடத்தில் உரிமை உண்டு என்று அவர் எழுதிவைத்தார். வாய்ப்பேச்சை அவர் நம்பவில்லை, பத்திரம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1952 மே மாதம் இறந்தார்.

இந்த ஆண்டு ஜனவரியில் மாணவிகளை அங்கே அழைத்துப் போனேன். ஆராதனை நாளின் நெரிசல் ஒத்துவராது என்று அதற்கு முந்தைய வாரமே போய்விட்டோம். வழிநெடுக வயல் பழுத்துக் கிடந்தது. தியாகராஜர் சமாதிக்கு எதிரே, அவரைப் பார்த்துக் கைகூப்பியபடி உட்கார்ந்திருக்கிறார் நாகரத்தினம்மாள், கல்லில். நடுவில் சில அடி தூரம்தான்.

கைப்பேசி மாணவி நீண்ட நேரம் அந்தச் சிலையின் முன்னால் நின்றாள். "இவங்க எவ்வளவுக்குக் கேட்டாங்கம்மா?" என்றாள்.

"கையில இருந்தது எல்லாத்துக்கும்."

"கிடைச்சுதா?"

இரண்டு சமாதிகளுக்கும் நடுவே இருந்த இடத்தைக் காட்டினேன். அவள் அங்கே போய் நின்று, கைப்பேசியைத் தோழியிடம் கொடுத்து, இரண்டு பேரும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னாள். தோழி பின்னால் நகர்ந்துகொண்டே போனாள். இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் வரவில்லை.